மருந்தின் அளவும் மனத்தின் அவசரமும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மருத்துவம் குறித்துப் பேச எங்களுக்கு யாதொரு தகுதியும் இல்லை. மெட்ரிக் தேறி, இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் குமாஸ்தாவின் குடும்பம் எங்களுடையது. ஆயினும் எங்கள் அன்னையாரின் நோயில் நாங்கள் செய்த பிழையை எடுத்துரைத்தால் நாகபுரியில் வாழும் நம்மவர் சிலருக்கேனும் பயன்படும் என்று செயலாளர் வற்புறுத்தினார். நாங்கள் என்று சொல்லும்போது எங்கள் வீட்டார் அனைவரையும் சேர்த்தே சொல்கிறோம். பிழையில் அனைவருக்கும் பங்கு உண்டு.

2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், எழுபத்திரண்டு வயதான அன்னையாருக்குக் கைகளைத் தலைக்கு மேல் தூக்க இயலாமற் போயிற்று. கொண்டை முடிய முடியவில்லை. படுக்கையில் புரண்டு படுக்கவும் ஒருவர் துணை வேண்டியிருந்தது. இரண்டு தோள்களிலும் இரண்டு இடுப்புகளிலும் வலி. விடியற்காலையில் உடல் மரக்கட்டை போல் விறைத்துக் கிடக்கும். பத்து மணிக்குமேல் சற்றே இளகும். வயதின் கோளாறு என்றும், நாகபுரிக் குளிரின் கொடுமை என்றும் எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு மாதத்தை வீணாக்கினோம்.

மூட்டுவாத நிபுணர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்து, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரண்டும் உயர்ந்திருப்பதைக் கண்டு, இது பாலிமயால்ஜியா ருமாட்டிக்கா என்றார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்க்கே வருவது, பெண்களுக்கு மிகுதி. பெயர் நீளமே ஒழியப் பழமையானதன்று. பார்பர் என்னும் ஆங்கில மருத்துவர் 1957இல் இட்ட பெயர். இதற்குரிய மருந்தின் வரலாறு அதற்குச் சற்று முந்தியது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்பவரும் அவருடைய தோழர்களும் 1948இல் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் செலுத்தி வியத்தகு பலன் கண்டனர். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இனத்தைச் சேர்ந்ததே அன்னையாருக்குக் கொடுத்த பிரெட்னிசோலோன்.

காலை உணவுக்குப்பின் ஒரே வேளையாக 15 மில்லிகிராம். மூன்றாம் நாள் அன்னையார் தாமே எழுந்தமர்ந்து, “இனிமேல் யாரும் எனக்குத் தலை வார வேண்டாம்” என்றார். நாங்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தையில்லை.

மூன்று வாரம் 15, மூன்று வாரம் பன்னிரண்டரை, ஐந்து வாரம் 10, அதன்பின் மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் இறக்கம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். செப்டம்பரில் 7 வரை வந்துவிட்டோம். வலி சிறிதும் இல்லை. இங்கேதான் எங்கள் அவசரம் தொடங்கியது.

அன்னையாருக்கு ஏற்கெனவே நீரிழிவு உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த சோதனையில் சர்க்கரை ஒழுங்காகவே இருந்தது. பிற்பகலில் எடுத்தபோதோ திடுக்கிடும்படி இருந்தது. காலையில் உண்ணும் ஸ்டீராய்டு பிற்பகலிலும் மாலையிலுமே சர்க்கரையை உயர்த்தும் என்பதைப் பின்னரே அறிந்தோம். பார்க்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்டீராய்டா? எலும்பு உருகுமே, முகம் ஊதுமே, கண்ணில் புரை விழுமே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. அதற்காகவே மருத்துவர் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் எலும்புக்கான மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றை ஒழுங்காகக் கொடுக்காமல், ஸ்டீராய்டின்மேல் மட்டும் பழி சுமத்தினோம். நவராத்திரி முதல் நாள் 7-ஐ 5 ஆக்கினோம். அடுத்த வாரம் 3. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் வலி திரும்பிற்று. அதைவிட எங்களைக் கலக்கியது வேறொன்று. அன்னையாருக்குப் பசி அடியோடு அற்றது, எழுந்து நின்றால் தலை சுற்றியது, பேசவும் சலித்துக்கொண்டார். முறுக்கு மாவு பிசைந்தபடியே வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடினோம்.

அவர் முதலில் தோளைத் தொடவேயில்லை. இரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார். பிறகு, “ஆஜி, மெல்லும்போது தாடை வலிக்கிறதா? புதிதாகத் தலைவலி உண்டா? சீப்பு பட்டால் மண்டை நோகிறதா? கண் மங்குகிறதா?” என்று கேட்டார். நாங்கள் தமிழில் கேட்டுச் சொன்னோம். எதுவும் இல்லை என்றறிந்தபின்னரே அவர் முகம் தெளிந்தது. இந்நோய் உள்ள சிலருக்குத் தலையின் இரத்தக் குழாய்களிலும் அழற்சி உண்டாகலாம்; அப்போது பார்வையே திடீரென்று போய்விடும்; 7, 10 என்னும் பேச்சுக்கே இடமில்லை, அன்றைக்கே 40 முதல் 60 மில்லிகிராம் வரை தொடங்க வேண்டியிருக்கும் என்று விளக்கினார். இந்த நான்கு கேள்விகளையும் இவ்வவையினர் எவரும் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

அடுத்து, மயக்கத்துக்குக் காரணம் சொன்னார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நாள்தோறும் கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதன் அளவு சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு ஈடு. பல மாதம் வெளியிலிருந்து சரக்கு வந்திறங்கினால் உள்ளூர் ஆலை உறங்கிவிடும். சரக்கைத் திடீரென்று நிறுத்தினாலோ வெகுவாகக் குறைத்தாலோ ஆலை உடனே விழித்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில் உயிருக்கே ஆபத்து நேரலாம். நாங்கள் 3-ல் நிறுத்தாமல் அறவே விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

எங்கள் மத்திய இரயில்வேயில் இகத்புரியிலிருந்து கசாராவுக்கு இறங்கும் மலைத்தடத்தில் 37 அடிக்கு ஓரடி சரிவு. ஏறும்போது பின்னாலிருந்து தள்ள எஞ்சின் வேண்டும். ஆனால் இரயில்காரர் அஞ்சுவது இறக்கத்துக்கே. இருபது ஆண்டு அந்தத் துறையில் உப்பைத் தின்ற எங்களுக்கு இது தோன்றாமற் போயிற்றே!

சரி, திரும்பிய வலிக்கு எவ்வளவு ஏற்றுவது? மீண்டும் 15-லிருந்து தொடங்க வேண்டும் என்றே நாங்கள் நினைத்தோம். அவர் மறுத்தார். வலியின்றி இருந்த கடைசி அளவுக்குத் திரும்புவதே முறை. 2015இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத அறிஞர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையும் அதுவே என்றார். எனவே 7. ஒரு வாரத்தில் இடுப்பு இளகியது, தோள் இளகவில்லை. தொலைபேசியில் கேட்டு, அவர் சொற்படி 10. நாலாம் நாள் கை தலைக்கு மேல் எழுந்தது. அதன்பின் இரண்டு மாதத்தில் மெல்ல 7-க்கு இறங்கி, அங்கிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதமே குறைத்தோம். ஒரு மில்லிகிராம் மாத்திரை நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் அரிதாகவே கிடைத்தது. குடலில் கரைவதற்காக உறையிட்ட மாத்திரையை உடைக்கலாகாது என்பதையும் கடைக்காரர் ஒருவர் நல்வேளையாகச் சொல்லித் தடுத்தார்.

அன்று முதல் அலுவலகப் பதிவேடு போல ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டோம். தேதி, அளவு, காலை விறைப்பு எத்தனை நிமிடம், பிற்பகல் சர்க்கரை. அதன் பயனை இருமுறை கண்டோம். 2024 கோடையில் 6-ல் இருக்கையில் வலது தோள் மட்டும் நொந்தது. முன்போலிருந்தால் அன்றிரவே மாத்திரையைக் கூட்டியிருப்போம். நோட்டைப் பார்த்த மருத்துவர், ஒரு பக்கம் மட்டும் வலி, காலை விறைப்பு இல்லை, இரத்தத்திலும் அழற்சி இல்லை என்று கண்டு, ஆஜி என்ன தூக்கினார்கள் என்று கேட்டார். தண்ணீர் வாளி! ஒத்தடத்தில் தீர்ந்தது. 2025 ஜனவரியில் 4-ல் இருக்கையில் இரு தோளும் விறைத்தன. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று நோட்டு சொல்லிற்று. அது மெய்யான திரும்பல். மூன்றாம் நாளே தெரிவித்தமையால் 5-க்கு ஏறியதே போதுமாயிற்று. மறுபடியும் மறுபடியும் திரும்புமாயின் வாரம் ஒருமுறை உண்ணும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தைச் சேர்க்கலாம் என்றிருக்கிறார், இதுகாறும் தேவைப்படவில்லை.

நாங்கள் சொன்ன எண்கள் எங்கள் அன்னையாருக்கு அவருடைய மருத்துவர் வகுத்தவை. உங்கள் வீட்டு எண்களை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

அன்னையார் இப்பொழுது 3 மில்லிகிராமில் இருக்கிறார். ஸ்டீராய்டு உண்பவர், திடீரென நிறுத்தலாகாது என்று எழுதிய சீட்டு அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. இங்குள்ள மருத்துவர்க்கும் விளங்குமாறு இந்தியிலும் எழுதியிருக்கிறோம். அதன் நகல் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.