கொடுமுடி தந்த பாடினி

(கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த தமிழிசை விழாவில் ஆற்றிய உரை)



தமிழிசை என்றவுடன் தஞ்சையையும் தில்லையையும் சுட்டுவர். அது முறையே. ஆயினும் அவ்விசைக்குக் கொங்குநாடு அளித்த கொடையை நம்மவரே மறந்திருத்தல் முறையன்று. காவிரியின் மேல்கரையில் உள்ள கொடுமுடி, சம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் என்னும் மூவராலும் பாடப்பெற்ற ஊர். அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவரே கொ. பா. சுந்தராம்பாள் அம்மையார்.

அவர் வாழ்வு நீங்கள் அறிந்ததே. வறுமையில் பிறந்தார், இளமையிலேயே நாடக மேடை ஏறினார். கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் வெள்ளாடை உடுத்தி, இறுதிவரை அக்கோலத்திலேயே வாழ்ந்தார். 1935-இல் வெளிவந்த படத்தில் நந்தனாராக ஆண்வேடம் பூண்டு நடித்ததற்கு ஓரிலக்கம் உருபா பெற்றார். 1953-இல் ஔவையாராகவும், 1964-இல் பூம்புகார்ப் படத்தில் கவுந்தியடிகளாகவும் தோன்றினார். சென்னை மாநிலச் சட்ட மேலவையில் அமர்ந்தார். 1966-இல் தமிழிசைச் சங்கம் அவருக்கு 'இசைப் பேரறிஞர்' பட்டம் வழங்கியது. 1980-இல் மறைந்தார்.

இவை வரலாறு. நான் சொல்ல வந்தது அவர் குரலின் மெய்யான பெருமையை. குரல் உயர எழுந்ததே அவர் பெருமை என்பர் பலர். உயர எழும் குரல்கள் வேறும் உண்டு. எத்துணை உயரம் எழுந்தாலும் ஒரு சொல்லேனும் சிதையாமையே அம்மையாரின் தனிச்சிறப்பு.

என் தந்தையார் ஓர் உழவர். காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பங்குனி விழாவன்று அம்மையார் பாடக் கேட்டவர். சுற்றூர் மக்களெல்லாம் வண்டி பூட்டி வந்து மணலில் அமர்ந்திருந்தனராம். நடுவில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது, பாட்டோ நிற்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடக மேடையில் பயின்ற குரலன்றோ! கடைசி வண்டியருகே நின்றவர்க்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்டதாம். மறுநாள் விடியலில் கிணற்றுமேட்டில் கவலை ஓட்டியவர்கள் முன்னிரவில் கேட்ட முருகன் பாட்டைச் சொல் பிறழாமல் பாடினராம். எழுதப் படிக்க அறியாத மக்கள் அவர்கள்! "அந்தம்மா பாடுனா வள்ளத்துல கம்பு அளந்து போட்டாப்பல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா வந்து விழும் கண்ணு" என்பார் என் தந்தையார். இசை நூல் எதுவும் கல்லாத உழவர் கூறிய இசையிலக்கணம் இது.

அன்பர்களே! பொருள் விளங்காத பிறமொழிப் பாட்டை இரண்டு மணி நேரம் பாடிவிட்டு, எழுந்து செல்லும் வேளையில் தமிழுக்கு ஒரு துணுக்கை எறிவது இசையரங்கின் வழக்கமாய் இருந்தது. அதை எதிர்த்தே 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அதற்கு அரசர் அண்ணாமலையாருடன் தோள்கொடுத்து நின்றவர் நம் கோவை இரா. க. சண்முகனார்; சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்துக்கு உரை கண்டவர். தமிழில் பாட்டில்லை, பண்ணில்லை என்றனர் எதிர்ப்போர். அறிஞர்கள் ஏடுகளால் விடை கூறினர். அம்மையார் தம் நாவினால் கூறினார்.

அப்போர் முடிந்துவிட்டதா? இல்லை. இன்று நம் பிள்ளைகள் இசை வகுப்புக்குச் செல்கின்றனர், மகிழ்ச்சி. அவர்தம் குறிப்பேட்டைப் பிரித்துப் பாருங்கள். தமிழ்ப்பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருப்போர் எத்தனை பேர்! லகர ளகர ழகரங்களுக்கு அங்கே இடமேது? மழையும் மலையும் ஒன்றாகிவிடும். எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் நா இயங்கும் வகையையும் பிறப்பியலில் தொல்காப்பியர் வகுத்துக் காட்டினார். அவர் வழிவந்த பிள்ளை தன் மொழியை அயலெழுத்தில் படிக்கிறது! முன்னர்த் தமிழ் மேடையின் கடைக்கோடியில் நின்றது. இன்று மேடைக்கு வந்தும் உருக்குலைந்து நிற்கிறது. முன்னதினும் இது கொடிது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். நம் ஊர்க் கோயில் விழாவில் இசையரங்கு தமிழில் தொடங்கித் தமிழிலேயே நிறைவுறுமாறு விழாக் குழுவினர் முன்னரே சொல்லி வையுங்கள். காசு கொடுப்பவர் நாமே. பிள்ளைகள் தமிழ்ப்பாட்டைத் தமிழெழுத்திலேயே எழுதட்டும். பொருளைச் சொன்ன பின்னரே பாடட்டும். மூவர் பாடிய கொடுமுடிப் பதிகங்களுள் ஒன்றையேனும் கொங்குநாட்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் மனப்பாடமாய் அறியட்டும்.

அம்மையாருக்கு நாம் சிலை எடுக்கலாம், மாலை இடலாம். நம் வீட்டுக் குழந்தை ழகரத்தைப் பிழையின்றி ஒலித்துப் பாடும் ஒரு பாட்டே அவர்க்குச் செய்யும் உண்மையான சிறப்பு. அதை இன்றிரவே நம் இல்லங்களில் தொடங்குவோம்.

வாழ்க தமிழிசை! வெல்க தமிழ்!