தோள் நழுவினால்

தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் பம்புசெட்டைப் போடும்போது ஷாக் அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் தோளில் ஒரே வலி, கை வெளிப்பக்கம் திரும்பவில்லை.

தோளின் பந்துக்கிண்ண மூட்டு நழுவினால் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும். ஷாக்கிலும் வலிப்பிலும் தசைகள் சுண்டி இழுப்பதால் பின்பக்கமாகவும் நழுவலாம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் இது சில சமயம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இங்கேதான் வயிற்றுக்குப் பார்க்கிற அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவுகிறது. அவசரப் பிரிவில் கருவியைத் தோளின் பின்பக்கம் வைக்கிறார்கள். எலும்பின் பந்து திரையில் ஆழத்துக்குப் போயிருந்தால் முன்நழுவல். கருவியை நோக்கி வந்திருந்தால் பின்நழுவல். கதிர்வீச்சு கிடையாது. மூட்டு திரும்ப உட்கார்ந்ததா என்றும் படுக்கையிலேயே பார்த்துவிடலாம். எலும்பு முறிவைச் சரியாக அறிய எக்ஸ்ரேயும் வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு விஷயம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், தோளைப் பார்க்க வைத்திருக்கும் ஸ்கேன் கருவியையும் பதிவு செய்தாக வேண்டும்.

தோள் நழுவியவரின் கையை அசைக்காமல் துண்டால் தூளி கட்டி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தோள் கொடுக்கிற நண்பர்கள், தோளைப் பிடித்து இழுக்காமல் இருந்தாலே பெரிய உபகாரம்!