கடலில் கசியும் எண்ணெய்

கடல் நடுவே தூண்கள் நாட்டி, அவற்றின்மேல் மேடை அமைத்து, கடலடியிலுள்ள எண்ணெயை எடுக்கும் முறை இன்று உலகின் பல பாகங்களிலும் கையாளப்படுகிறது. அம்மேடைகளிலிருந்து எண்ணெய் கசிந்தால் அதனைக் கண்டறிவது எவ்வாறு? கசியும் அளவைக் கணிப்பது எவ்வாறு? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் வெவ்வேறானவை. மெக்சிக்கோ வளைகுடாவில் நிகழ்ந்த சம்பவமொன்று இதனைத் தெளிவாக்குகிறது.

2004 செப்ரெம்பரில் ஐவன் என்னும் சூறாவளி வீசியபோது, அமெரிக்காவின் லூசியானாக் கரைக்கப்பால் கடலடிச் சேறு சரிந்து, எண்ணெய் மேடையொன்றைச் சாய்த்தது. கிணறுகள் சேற்றினுள் புதைந்தமையால் அவற்றை அடைப்பதும் அரிதாயிற்று. கசிவு ஆண்டுக்கணக்காக நீடித்தது.

கடல்மீது எண்ணெய் படர்ந்தால் சிற்றலைகள் அடங்கிவிடும். செய்மதியிலுள்ள ராடார் அனுப்பும் கதிர்களை அலையுள்ள நீர் திருப்பியனுப்பும். அலையடங்கிய இடமோ படத்திற் கருமையாய்த் தோன்றும். இருளும் முகிலும் ராடாருக்குத் தடையல்ல. ஆயினும், காற்று ஓய்ந்த இடமும் அவ்வாறே கருமையாய்த் தோன்றுமாதலின், விமானத்திலோ கப்பலிலோ சென்று நேரிற் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும்.

படலம் உண்டென அறிந்தால் மட்டும் அளவு தெரிந்துவிடுமா? ஒரு லீற்றர் எண்ணெய், மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள படலமாய் விரிந்தால், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் பரப்பை மூடிவிடும். தடிப்பு பத்து மடங்காயின், அதே பரப்பிற் பத்து லீற்றர் இருக்கும். நிறத்தைக் கொண்டு தடிப்பை ஊகிக்கும் கண் எளிதில் ஏமாறக்கூடியது. மேலும், எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி அலையிற் கலந்து மறைகிறது.

லூசியானாக் கரைக்கப்பால் நாளொன்றுக்குச் சில கலன் எண்ணெயே கசிகிறதென மேடைக்குரியவர்கள் கூறிவந்தனர். 2018 இல் விஞ்ஞானிகள் நீரினுள்ளேயே ஆராய்ந்தனர். ஒலியலைகளைச் செலுத்தி, மேலெழும் எண்ணெய்த் தாரையை அளந்தனர். கமராவின் துணையால் எண்ணெய்த் துளிகளையும் வாயுக்குமிழிகளையும் கணக்கிட்டனர். இவ்வாராய்ச்சியிற் கிடைத்த கணிப்பு, நாளொன்றுக்கு 9 முதல் 108 பீப்பாய் வரையாகும். ஒரு பீப்பாய் 42 அமெரிக்கக் கலன் கொண்டது. 2019 ஏப்ரலிற் கசிவிடத்தில் எண்ணெயை ஏந்தும் அமைப்பொன்று பொருத்தப்பட்டபோது, நாள்தோறும் ஏறக்குறைய ஆயிரம் கலன் சேரலாயிற்று.

கசிவின் அளவைப் பொறுத்தே சுத்திகரிப்பும் தண்டமும் தீர்மானிக்கப்படுகின்றன. ஆதலால், மேடைக்குரியவர் கூறும் கணக்கை, அவரைச் சாராத பிறர், வானிலிருந்தும் நீரினுள்ளிருந்தும் அளந்து சரிபார்த்தல் இன்றியமையாததாகும்.