கழுகுமலைப் பெயர்கள்



சாரற் பருவத்தில் குற்றாலம் செல்லும் சமணக் குடும்பங்கள் பல. அருவியாடியபின் தென்காசி விசுவநாதர் கோயிற் கோபுரத்தையும் கண்டு திரும்புவர். 1446-இல் அக்கோயிலை எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதனைப் பழுது நீக்கிக் காப்போர் எவராயினும் அவரைத் தான் பணிவதாகச் செய்யுள் வடிவில் கல்லில் பொறித்து வைத்தான். முடிமன்னன் விடுத்த வேண்டுகோள் அது. அங்கிருந்து சங்கரன்கோவில் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், அதனினும் ஏறத்தாழ 600 ஆண்டுகள் பழமையான பெயர்களைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை மன்னர் பெயர்கள் அல்ல.

கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக விளங்குகின்றன. பார்சுவநாதரையும் பாகுபலியையும் அம்பிகையையும் வியந்து நிற்போர், திருவுருவங்களின் அடியில் உள்ள வட்டெழுத்து வரிகளைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள். பலவும் ஓரிரு வரியே. இன்ன ஊரினர், இன்ன குரவரின் மாணாக்கர், இன்னார் செய்வித்த திருமேனி என்பதோடு அவை முடிந்துவிடும். தச்சரும் குயவரும் செய்வித்தவை உண்டு. வேறொருவர் பொருட்டுச் செய்வித்தவையும் உண்டு. சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க ஏற்படுத்திய அறத்தையும் அங்கே காண்கிறோம்.

இவற்றுள் தலையாய செய்தி குரத்தியரைப் பற்றியது. குரவர் என்பதன் பெண்பால் அச்சொல். திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள் எனத் தத்தம் ஊர்ப்பெயரால் சுட்டப்பெறும் இவர்கள் வெறும் நோன்பியர் அல்லர். மாணாக்கரைப் பெற்றிருந்த ஆசிரியைகள். திருச்சாரணம் என்பது இன்றைய சிதறால் மலை. பெண்ணுக்கு அப்பிறவியிலேயே வீடுபேறு இல்லை எனக் கொள்ளும் திகம்பர மரபில், ஆசிரியப் பதவி பெண்டிர்க்கு மறுக்கப்படவில்லை என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை. நம் இல்லத்துப் பெண்மக்களுக்கு இதனை எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

மற்றொரு வரி வடபகுதியில் வாழும் நம்மவரை நேரே தொடுவது. திருநறுங்கொண்டைப் பலதேவக் குரவடிகளின் மாணாக்கர் கனகவீர அடிகளை அது குறிக்கின்றது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த அதே திருநறுங்கொண்டைதான். அப்பாண்டைநாதரை வணங்க இன்றும் நாம் செல்லும் மலை. கழுகுமலையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. வாகனம் ஏறாத துறவியர் அத்துணைத் தொலைவும் நடந்தே வந்திருத்தல் வேண்டும். தென்பாண்டி நாட்டில் பழைய தமிழ்ச் சமணக் குடிகள் மறைந்துவிட்டன. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் நாமே அவ்வரிகளுக்கு எஞ்சிய உறவினர்.

பாறையோ வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றது. எழுத்துகள் மங்கி வருகின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அவை அச்சேறியுள்ளமை நற்பேறு. அடுத்த முறை குற்றாலம் செல்வோர் ஒருநாளைக் கழுகுமலைக்கு ஒதுக்கி, அத்தொகுதியின் படியையும் உடன்கொண்டு செல்லலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் சற்றுத் தெளிவாகப் புலப்படும்.