கோழி பொரிய எத்தனை நிமிடம்?

(தொலைக்காட்சி உரையரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சமையல் நிகழ்ச்சி படைக்கிறவர்களுக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்று நேயர்கள் நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சுதான். சமையலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளியையொட்டி நம்மூர் பாணியில் காரசாரமான பொரித்த கோழி செய்து காட்டினோம். சமையல்காரர் துண்டுகளை எண்ணெயில் போட்டதும் நான் கேமராவைப் பார்த்து, "ஐந்தே நிமிடம், கோழி தயார்!" என்றேன். உண்மையில் அது வேக கால் மணி நேரம் ஆயிற்று. நடுவிலிருந்ததை வெட்டிவிட்டார்கள். நான் கடித்து "ஆகா!" என்றேனே, அது முன்கூட்டியே பொரித்து வைத்திருந்த துண்டு!

நிகழ்ச்சி ஒளியேறிய மறுவாரம் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "ஏம்மா, நீ சொன்ன மாதிரியே அஞ்சு நிமிஷத்துல எடுத்தேன். மேல நல்லா செவந்திருந்துச்சு. பேரன் சாப்பிட்டுட்டு ராத்திரியெல்லாம் வாந்தி. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். நீயும் சாப்பிட்டியே, உனக்கு ஒன்னும் ஆகலையா?" என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் உடம்பைப் பற்றியல்லவா விசாரித்தார்! பையன் தேறி வீடு திரும்பிவிட்டான் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மிளகாய்த்தூளும் மாவும் சூடான எண்ணெயில் சீக்கிரம் சிவந்துவிடும். சூடு மெதுவாகத்தான் எலும்பு வரை போய்ச் சேரும். அடுப்பைக் கூட்டி வைத்தால் மேல்பக்கம் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அங்கேதான் பிழைத்துக் கிடக்கும். நம் வீட்டில் பழி என்னவோ மசாலா மீதுதான் விழுகிறது.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். தொடையும் காலுமாக ஒரு கிலோ கோழி. குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் நீர் பக்கத்திலுள்ள தட்டு, காய்கறியிலெல்லாம் கிருமியைப் பரப்பும். துடைத்தெடுத்தாலே போதும். ஒவ்வொரு துண்டிலும் எலும்பைத் தொடும்படி இரண்டு மூன்று கீறல் போடுங்கள். உப்பும் காரமும் உள்ளே இறங்கும், சூடும் சீக்கிரம் சேரும்.

மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, அரைத்த இஞ்சி பூண்டு 2 மேசைக்கரண்டி, சோம்புத்தூள் 1 மேசைக்கரண்டி, சீரகத்தூளும் மஞ்சளும் தலா 1 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, பாதி எலுமிச்சை. இவற்றைப் பிசறி, குளிர்ப்பெட்டியில் குறைந்தது 4 மணி நேரம் வையுங்கள். சிலர் இறைச்சி மசாலாத்தூளைக் கொட்டி வேலையை முடித்துவிடுவார்கள். குற்றமில்லை. ஆனால் சோம்பு தனியாகச் சேர்ந்தால்தான் மாமாக் கடை வாசனை வரும் என்பது என் கட்சி.

சிவப்புச் சாயம் மட்டும் வேண்டவே வேண்டாம். கர்நாடக அரசு 2024 ஜூன் மாதம் கோழிக் கபாப்பில் செயற்கை நிறம் சேர்ப்பதையே தடை செய்தது. சிவப்புக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள் பாதியளவு கலந்தாலே போதும்.

பொரிப்பதற்கு 20 நிமிடம் முன் கோழியை வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று போட்டால் எண்ணெய் ஆறிப்போகும். ஒரு முட்டை, அரிசிமாவும் சோளமாவும் தலா 2 மேசைக்கரண்டி சேர்த்துப் பிரட்டுங்கள். முட்டை இல்லாவிட்டால் மசாலா கழன்று எண்ணெயில் கருகி, அடுத்த தடவை போடும் கோழியைக் கசக்க வைக்கும்.

எண்ணெய் துண்டுகள் மூழ்கும் அளவுக்கு இருக்கட்டும். மரக்கரண்டியின் காம்பை உள்ளே விட்டால் சுற்றிலும் சிறு குமிழிகள் எழ வேண்டும். அதுதான் பதம். சட்டி கொள்ளுமளவு திணிக்காதீர்கள். விருந்தாளி காத்திருக்கிறார் என்று நாம் செய்யும் தவறே அதுதான். நான்கு துண்டு போட்டு, நடுத்தரத் தீயில் 12 முதல் 15 நிமிடம். கடைசி அரை நிமிடத்தில், ஈரம் துடைத்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. தள்ளி நின்று போடுங்கள், படபடவென்று தெறிக்கும்.

வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எலும்போரம் சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்பார்கள். அதுவும் முழு உண்மையில்லை. இளங்கோழியின் எலும்பு மச்சைச் சாறு கசிந்து, நன்றாக வெந்த துண்டும் சிவந்து தெரியலாம். நிறத்தை நம்பி எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது. சதையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல், உணவு வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். நானும் முதலில் "கோழிக்குமா காய்ச்சல் பார்ப்பது?" என்று சிரித்தவள்தான். இப்போது அது என் கரண்டியோடு சேர்ந்தே தொங்குகிறது.

அந்தக் கிள்ளான் அம்மாவை நானே திரும்ப அழைத்தேன். ஐந்து நிமிடமல்ல, கால் மணி நேரம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போவுது? டிவியில பார்த்த மத்தவங்களுக்கும் சொல்லு" என்றார். அதற்காகத்தான் இன்று வந்தேன்.