வங்கிக் கணக்கும் காவற்பொறியும்



நம் இரயில்வேயில் ஓர் ஏற்பாடு உண்டு. பாயிண்டுகள் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொண்டாலன்றி, வண்டிக்கு வழிவிடும் சிக்னல் கிடைக்காது. விதி புத்தகத்தில் மட்டும் இருப்பின் மறதிக்கு இடமுண்டு. பொறியிலேயே இருப்பின் இல்லை.

பணத்துறையிலும் இன்று அத்தகைய பூட்டுகள் வந்துள்ளன. முழு அடையாளச் சான்று தராதவர் செல்பேசிப் பணப்பையில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஏற்ற முயன்றால், பொறியே மறுத்துவிடும். வங்கிகள் விதிவழி நடக்கின்றனவா என்று கண்காணிக்க, ரிசர்வ் வங்கியே 2022-இல் 'தக்ஷ்' என்னும் கணினி ஏற்பாட்டைத் தொடங்கிற்று.

ஆயினும் நம் குடியிருப்புக்கு நெருங்கிய செய்தி வேறு. மோசடிக்காரர் பிறரிடம் பறித்த பணத்தைத் தம் கணக்கில் வாங்குவதில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சிறு தரகு தந்து, அவர்கள் கணக்கை இரவல் கேட்கின்றனர். இதற்கு 'மியூல்' கணக்கு என்று பெயர். பொதி சுமக்கும் கோவேறு கழுதை என்பது பொருள். (கழுதைக்கேனும் முதுகில் பொதி இருப்பது தெரியும்!) இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய 'மியூல்ஹண்டர்' என்னும் செயற்கை அறிவுப் பொறியைப் பற்றி 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. உறங்கிக் கிடந்த கணக்கில் திடீரெனப் பலர் பணம் குவிவதும், குவிந்த வேகத்திலேயே வெளியேறுவதும் இத்தகைய கணக்கின் அறிகுறிகள்.

பொறிக்கு அறிகுறி தெரியும், காரணம் தெரியாது. மகள் திருமணத்துக்கு உற்றார் பலர் அனுப்பிய பணம் அன்றே மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் போனால், ஏட்டில் அதுவும் அவ்வாறே தோன்றக்கூடும். கணக்கு முடங்கினால் அரிசி வாங்கவும் வழியில்லை. இங்கேதான் என் மனக்குறை. சிக்னல் பழுதுபட்டு வண்டி நின்றால், எழுத்து மூலம் அனுமதிச் சீட்டுக் கொடுத்து அனுப்ப நிலையத்தில் ஒருவர் உண்டு. அந்தச் சீட்டில் அவர் கையெழுத்தும் உண்டு. வங்கியிலோ "கணினி நிறுத்திவிட்டது" என்று சொல்வார் உளர். கையெழுத்திடுவாரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே, முடக்கியது வங்கியா, காவல்துறை ஆணையா என்பதை முதலில் கேட்டறியுங்கள். வங்கியெனில், எழுத்து மூலம் முறையிட்டு ஒப்புகை பெறுங்கள். 30 நாட்களில் விடை வராவிடின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணமில்லை. இதற்கென 2021-இல் சண்டிகரில் அமைந்த மையம் எம்மொழி மனுவையும் ஏற்கும். தமிழிலேயே எழுதலாம். எழுதித் தர ஆள் வேண்டுவோர், ஞாயிறு மாலைகளில் நம் சங்க வாசகசாலைக்கு வருக.