வீட்டுக் கணினியில் இடம் பெருக்குதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இலக்கியம் பேச வல்லார் பலர் இங்கு அமர்ந்திருக்க, கணினிக்கு ஹார்ட் டிஸ்க் பூட்டுவதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்துள்ளார். காரணம் இல்லாமலில்லை. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நேர்ந்த இழப்பைக் காலனியில் அறியாதார் இலர்.

எங்கள் கணினியில் இருந்தது 500 ஜிகாபைட் கொள்ளும் வன்தட்டு. வாங்கிய நாளில் அது கடல்போல் தோன்றியது. பின்னர்ப் பிள்ளைகளின் படங்கள் வந்தன. நம் சங்கத்துப் பொங்கல் விழா நாடகங்கள் வந்தன. பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய பாட்டுக்களும் பேச்சுக்களும் வந்தன. கைப்பேசியில் ஒரு மணி நேரம் எடுக்கும் காட்சியே 8 ஜிகாபைட் வரை விழுங்கிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, ஒரு டன்னுக்கு மேல் எடையுடன் நின்று, 50 லட்சம் எழுத்துக்களையே தாங்கிற்று. இன்றோ ஒரு திருமண வீடியோவுக்கே அதைப்போல் ஆயிரக்கணக்கான பொறிகள் வேண்டும்!

ஆகவே நேரு பிளேசுக்குச் சென்று 4 டெராபைட் தட்டு ஒன்று வாங்கி வந்தோம். பூட்டுவது அஞ்சத்தக்க வேலையன்று. மின்இணைப்பை அறவே நீக்கிவிட்டு, பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு காலியாயுள்ள அறையில் தட்டைச் செருகித் திருகாணிகளை முடுக்கி, சாட்டா எனப்படும் இரு கேபிள்களை இணைக்க வேண்டும். ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று செய்திக்கு. மடிக்கணினி வைத்திருப்போர் வெளியே வைக்கும் தட்டையே நாட வேண்டும். அவற்றுள் இரண்டரை அங்குலத் தட்டு யு.எஸ்.பி. கேபிளிலிருந்தே மின்சாரம் பெறும். மூன்றரை அங்குலத் தட்டுக்குத் தனி அடாப்டர் தேவை.

பூட்டிய பின் கணினியைத் திறந்தால், புதிய தட்டு கண்ணுக்குத் தென்படவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே எண்ணினோம். பாவம், அவர் மீது பழியில்லை. விண்டோசிலுள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியில் புதுத்தட்டைப் பதிவுசெய்து பார்மட் செய்தால்தான் அது வெளிப்படும். அங்கே ஜி.பி.டி. என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும், எம்.பி.ஆர். என்னும் பழைய முறை 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கெடுக்க அறியாது. அதற்குப் பின்னும் 4 என்பது 3.63 என்றே காட்டியது. விற்போர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர்; விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது. இரண்டும் ஒரே அளவுதான். படியில் வேறுபாடு, அவ்வளவே.

இதுவரை நல்ல கதை. பழைய தட்டில் இருந்தவை அனைத்தையும் புதியதற்கு மாற்றினோம். மாற்றினோம் என்றால், படி எடுக்கவில்லை, பழையதைத் துடைத்துவிட்டோம். ஒலிநாடாக்களையும், இனி எதற்கென்று, பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். மூன்றாம் மாதம் ஒரு மாலைப்பொழுதில் தட்டினுள்ளே 'டக், டக்' என்று ஓசை எழுந்தது. அத்துடன் முடிந்தது. வன்தட்டினுள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் பரப்பின்மேல், மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் எழுதுமுனை மிதக்கிறது. அது பரப்பில் உராய்ந்துவிட்டது என்றனர் மீட்பு நிலையத்தார். உத்தரவாதப்படி புதிய தட்டு கிடைத்தது. எங்கள் அன்னையார் 1989-இல் பேரனுக்குப் பாடிய தாலாட்டுக்கு உத்தரவாதம் ஏது?

இடம் பெருகிற்று, காவல் பெருகவில்லை. முன்பு பத்துத் தட்டுகளில் சிதறிக் கிடந்ததை ஒரே தட்டில் குவித்து, ஒரே நொடியில் அனைத்தும் போக நாங்களே வழி செய்துவிட்டோம். ரெய்டு என்னும் முறையில் இரு தட்டுகளைப் பிணைத்தால் ஒன்று பழுதுற்றாலும் மற்றது கைகொடுக்கும் என்று சில நண்பர்கள் கூறினர். உண்மையே. ஆயினும் குழந்தை கைதவறி ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிவும் இரண்டிலும் ஒருங்கே பதியும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டும் சேர்ந்தே செல்லும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார் அன்றோ? ஏடுகள் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருப்பின் கறையானுக்கு வேலை எளிதாயிருக்கும்.

இப்பொழுது எங்களிடம் மூன்று படிகள் உள்ளன. ஒன்று கணினிக்குள், மற்றொன்று அலமாரியில், மாதம் ஒருமுறை மட்டும் இணைக்கும் வெளித்தட்டில், மூன்றாவது திருச்சியில் எங்கள் தமக்கையார் இல்லத்தில். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது துணிகளுக்கு நடுவே ஒரு தட்டு செல்கிறது, அங்கிருந்த தட்டு திரும்புகிறது. படி எடுத்ததும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்கிறோம். திறக்காத படி இருந்தும் பயனில்லை.

அந்தத் தமக்கையாரின் கைப்பேசியில்தான், முன்னொரு நாள் நாங்கள் அனுப்பி மறந்துபோன தாலாட்டின் இரண்டு நிமிடங்கள் கிடைத்தன. முதல் இரண்டு கண்ணிகளும் மூன்றாவதில் பாதியும். எஞ்சியதை வீட்டில் எவரும் அறியார்.

எங்கள் இல்லத் தட்டோடு சங்கத்தின் பதினோரு ஆண்டு நாடகப் பதிவுகளும் போயின. அவற்றின் துண்டுகள் உங்கள் கைப்பேசிகளிலும் பழைய குறுந்தகடுகளிலும் கிடக்கக்கூடும். நூலக அறையில் மேசைமீது ஒரு கணினியும் இரண்டு தட்டுகளும் வைத்துள்ளோம். உணவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, உள்ளதைக் கொண்டு வாருங்கள். படி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம்; எதையும் துடைக்க மாட்டோம்.